கிறித்தவச் சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதரின் எழுத்துகள் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அச்சு இயந்திரம் மட்டும்தான் காரணமா?

இல்லை. பாவத்துக்கான தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லிக் கத்தோலிக்கத் திருச்சபை விற்ற பாவமன்னிப்புச் சீட்டுகளின் விற்பனையை லூதர் 1517-இல் எதிர்த்து 95 கருத்துரைகளை எழுதியபோது, ஐரோப்பாவில் அச்சுத்தொழில் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தக் கருத்துரைகள் அறிஞர்களுக்காக லத்தீனில் எழுதப்பட்டவை. அடுத்த ஆண்டே அதே பொருளைச் சில பக்கங்களில், எளிய ஜெர்மன் மொழியில் அவர் எழுதி வெளியிட்டதுதான் உண்மையான திருப்பம் என்பது என் கருத்து.

பெரிய லத்தீன் நூலொன்றில் அச்சகத்தார் போட்ட முதலீடு மாதக்கணக்கில் முடங்கும். சிறு வெளியீட்டுக்கோ காகிதம் குறைவு, போட்ட பணம் விரைவில் திரும்பும். பதிப்புரிமை இல்லாத காலமாதலால், லூதர் வாழ்ந்த விட்டன்பர்க் நகரில் வெளியானதை ஆக்ஸ்பர்க், பாசல், நியூரம்பர்க் அச்சகத்தார் தாங்களே மறுபதிப்பிட்டார்கள். லூதரும் எழுத்துக்குப் பணம் பெறவில்லை. 1520-இல் ஜெர்மன் பிரபுக்களுக்கு அவர் எழுதிய நூலின் 4,000 படிகள் சில நாள்களிலேயே விற்றுத் தீர்ந்தன.

படங்களின் பங்கையும் மறந்துவிடக் கூடாது. 1522 செப்டம்பரில் வெளியான, லூதர் மொழிபெயர்த்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டுக்கு ஓவியர் லூகாஸ் கிரானாக்கின் பட்டறை மரச்செதுக்குப் படங்களைத் தந்தது. அவற்றில், பைபிளின் திருவெளிப்பாடு நூலில் தீமையின் உருவகமாக வரும் பாபிலோனின் வேசி போப்பாண்டவரின் மூவடுக்கு மகுடத்தை அணிந்திருந்தாள். எதிர்ப்பு எழவே, டிசம்பர் பதிப்புக்காக அச்சுக்கட்டையில் மேலடுக்குகளைச் செதுக்கி நீக்கிச் சாதாரணக் கிரீடமாக்கினார்கள். இந்த வெளியீடுகள் அச்சகத்தாருக்கு எவ்வளவு முக்கியம் என்பது தடை வந்தபோது தெரிந்தது. சாக்சனிக் கோமகன் ஜார்ஜ் லைப்சிக் நகரை உள்ளடக்கிய தம் ஆட்சிப்பகுதியில் லூதரின் நூல்களைத் தடைசெய்தார். அதனால் பிழைப்பே கெட்டுவிட்டதென்று லைப்சிக் அச்சகத்தார் 1524-இல் முறையிட்டார்கள்.