அரைப்பள்ளியில் அஞ்சு நிமிஷம் போதுமா?

கேள்வி: ஐயா, சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்களைத் நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் இருக்கும் பழைய தேவாலயமான அரைப்பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அஞ்சு நிமிஷத்தில் ‘இவ்வளவுதானா’ என்று வெளியே வந்துவிட்டார்கள். மனசு கஷ்டமாகிவிட்டது. அது கி.பி. 63-இல் கட்டியது என்பது உண்மையா?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: உங்கள் வருத்தம் எனக்கும் உண்டம்மா. இயேசுவின் சீடர் தோமையார் வந்து ஏழரைப் பள்ளி கட்டினார், அதில் கொடுங்கல்லூர், பாலையூர், பரவூர், கொக்கமங்கலம், நிரணம், கொல்லம், நிலக்கல் ஆகியவை ஏழு, நம் திருவிதாங்கோடுதான் அந்த அரை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கி.பி. 63 என்பதும் இந்த வாய்மொழியோடு வந்ததுதான், கல்வெட்டில் இருப்பது அல்ல. அதைச் சொந்தக்காரர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள், பள்ளியின் மதிப்பு அதனால் குறையாது. பெயருக்கே இரண்டு விளக்கம் இருக்கிறது. அளவில் சிறியது என்பதால் அரை என்கிறார்கள் சிலர், அரசன் இடம் கொடுத்ததால் ‘அரசன் பள்ளி’ என்பதுதான் இப்படித் திரிந்தது என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவது பிடிக்கும், ஏனென்றால் திருவிதாங்கூர் என்று ஒரு நாட்டுக்கே பெயர் கொடுத்த ஊர் அது, அரசன் இருந்த ஊரில் அரசன் பெயரில் ஒரு பள்ளி இருப்பது பொருத்தம்தானே. அப்புறம் இன்னொன்று, ஏழும் கேரளத்தில் இருக்க, அரை மட்டும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் மாவட்டத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது.

சின்னக் கருங்கல் கட்டடம்தான், சரி. ஆனால் பெரும்பாலானவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையை மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு, கால் ஓய்ந்து, மதியச் சாப்பாட்டு நினைப்போடு இங்கே வருகிறார்கள். அவ்வளவு பெரிய அரண்மனை கண்ணில் நிற்கும்போது இது சின்னதாகத்தான் தெரியும். அடுத்த தடவை காலையில் முதலில் பள்ளிக்குப் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், போனை எடுக்காமல், சும்மா உட்காருங்கள். மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையார் இன்றும் குர்பானா என்கிற திருப்பலி வழிபாடு நடத்துகிற பள்ளி அது, 2007-இல் அந்தச் சபை அதைத் தோமையார் திருத்தலமாகவும் அறிவித்தது. அதனால் படம் எடுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள், திரைக்கு அந்தப் பக்கம் பீடத்தருகே ஏறாதீர்கள்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். உள்ளே போகலாமா?
- வாசகர், குளச்சல்

பதில்: தாராளமாகப் போங்கள். கோட்டாறு சவேரியார் கோயிலுக்கும் தக்கலை பீர்முகமது அப்பா தர்காவுக்கும் எல்லாரும் போகிற மாவட்டத்தில் இதற்கு ஏன் தயக்கம்? ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தில் மட்டும் நடுவில் புகுந்து சுற்றிப் பார்க்க வேண்டாம். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, அன்றைக்குப் பள்ளிக்கென்றே போனால் அவசரமில்லாமல் இருக்கலாம்.