பச்சைக் கீரைச் சாறு குடிக்கலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்து வீட்டின் பின்புறம் முருங்கை, வல்லாரை, சாயூர் மானிஸ் (தவசிக்கீரை), மரவள்ளி எல்லாம் தழைத்து நிற்கின்றன. வேகவைத்தால் இலைகளின் சத்து அழிந்துவிடும், அனைத்தையும் பச்சையாக அரைத்துத் தினமும் காலையில் குடிக்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அப்படிச் செய்யலாமா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அக்கா சொல்வது வைட்டமின் சி-க்குப் பொருந்தும். அது சூட்டில் சிதையும். வேகும் நீரிலும் கரைந்து போகும். ஆனால் முருங்கைக்கீரையின் பீட்டா கரோட்டின், லூட்டின் என்னும் நிறமிச் சத்துகள் அப்படியல்ல. அவை இலையின் உயிரணுக்களுக்குள் சிறைப்பட்டிருப்பதால், கீரை வெந்து மென்மையாகி, உடன் சிறிது எண்ணெயும் சேரும்போதுதான் உடல் அவற்றை நன்றாக ஈர்த்துக்கொள்கிறது. தேங்காய்ப்பூ தூவிச் சுண்டும் நம் பழக்கம் இதற்கு மிகவும் ஏற்றது.

இலைகளில் உள்ள இத்தகைய பொருள்களுள் பலவற்றைச் செடி உருவாக்குவது நமக்காக அன்று. பூச்சியிடமிருந்தும் கடும் வெயிலிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்வதற்காகவே. ஆகவே நன்மை தருவதும் நஞ்சாவதும் ஒரே கொல்லையில் வளரும். மரவள்ளி இலையில் லினமரின் என்னும் பொருள் உள்ளது. இலை நசுங்கியவுடன் அதிலுள்ள நொதி லினமரினோடு கலந்து, கொடிய ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. எனவே அதைச் சாறாக்கிக் குடிப்பது ஆபத்தானது. இளந்தளிரை இடித்து, திறந்த பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்கவைத்து, அந்நீரைக் கொட்டிய பின்பே சமைக்க வேண்டும். 1942 முதல் 1945 வரை மலாயாவை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் மரவள்ளியை நம்பி வாழ்ந்த பாட்டிமார் இருந்த வீடுகளில் இதை விளக்க வேண்டியிருக்காது.

சாயூர் மானிஸைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1990-களின் நடுவில் தைவானில் உடல் எடையைக் குறைப்பதற்காக இதன் பச்சைச் சாற்றைத் தொடர்ந்து குடித்த பலருக்கு நுரையீரலின் நுண்ணிய மூச்சுக்குழல்கள் அடைபட்டன. அந்தப் பாதிப்பு பெரும்பாலும் மீளவில்லை. சிலர் இறந்தும் போயினர். முட்டையோடு வதக்கி அளவாக உண்பது வேறு, நாள்தோறும் கோப்பை நிறையச் சாறு குடிப்பது வேறு.

நான்கிலும் பச்சையாக உண்ணத்தக்கது வல்லாரையே. மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாம் எனப்படும் பச்சைக் கீரை உணவில் சேர்க்கும் இதே கீரையில் ஏசியாட்டிகோசைடு என்னும் பொருள் உள்ளது. காயம் ஆற அது துணைசெய்யும் என்பதால் சருமப் பூச்சுகளிலும் சேர்க்கிறார்கள். ஒரு கைப்பிடியை நன்றாகக் கழுவித் துவையலாக அரைத்தால் போதும். வீட்டில் எவராவது இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவராயின், கீரைகளிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதால், எந்தக் கீரையையும் திடீரெனக் கூட்டுவதற்கு முன் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.