படத்தில் தடித்த பர்கர், தட்டில் தட்டையான பர்கர்

கேள்வி: நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். விளம்பரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு இறைச்சியும் இலையுமாகத் ததும்பும் பர்கர், கடையில் வாங்கித் தாளைப் பிரித்தால் அமுங்கிய இட்லி போல இருக்கிறது. இதை ஏமாற்று என்று வழக்குத் தொடுக்க அமெரிக்கச் சட்டத்தில் இடமுண்டா?

பதில்: இடமுண்டு, வெல்வதுதான் அரிது. விளம்பரங்களில் வொப்பர் பர்கரை உண்மையைவிட ஏறத்தாழ 35 விழுக்காடு பெரிதாகக் காட்டுகிறார்கள் என்று கூறி, 2022-இல் சில வாடிக்கையாளர்கள் பர்கர் கிங் நிறுவனத்தின் மீது ஃபுளோரிடாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2023 ஆகஸ்டில் நீதிபதி அதை இரண்டாகப் பிரித்தார். தொலைக்காட்சி, இணைய விளம்பரங்கள் குறிப்பிட்ட அளவையோ எடையையோ வாக்களிக்கவில்லை என்பதால் அவற்றைப் பற்றிய கோரிக்கைகளைத் தள்ளினார். ஆனால் கடைக்குள் இருக்கும் மெனு பலகையின் படத்தைப் பற்றிய கோரிக்கை தொடரலாம் என்றார். மெக்டொனால்ட்ஸ், வெண்டிஸ் நிறுவனங்கள் மீதான இதே போன்ற வழக்கை அடுத்த மாதமே நியூ யார்க் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வேகாத இறைச்சியைப் படமெடுத்துப் பெரிதாகக் காட்டுகிறார்கள் என்பதே அங்கே புகார். வெந்தால் இறைச்சி சுருங்கும் என்பது சமைக்கிறவர் எவருக்கும் தெரியும். 'கால் பவுண்டு' என்று விற்பதும் சமைப்பதற்கு முந்தைய எடைதான்.

படத்துக்கு எல்லையே இல்லை என்றும் எண்ண வேண்டாம். காய்கறித் துண்டுகள் மேலே மிதந்து தெரிவதற்காகச் சூப்புக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுப் படமெடுத்த கேம்பல் நிறுவனத்தை, 1970-ஐ ஒட்டிக் கூட்டாட்சி வணிக ஆணையம் (ஏமாற்று விளம்பரங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) தடுத்து நிறுத்தியது. உணவையே அழகாக அடுக்கி, ஊறுகாய்த் துண்டையெல்லாம் கேமராப் பக்கம் நகர்த்துவது ஒப்பனை. உணவில் இல்லாததை அடியில் வைப்பது பொய். உங்கள் பர்கர் முதல் வகையில் சேரும் என்றே அஞ்சுகிறேன்.

கேள்வி: 'மேலான பொருட்கள், மேலான பீட்சா' என்கிறார்களே, எதைவிட மேல் என்று யாரும் கேட்கமாட்டார்களா?

பதில்: பீட்சா ஹட் கேட்டது. பாப்பா ஜான்ஸ் நிறுவனத்தின் அந்த வாசகம் பொய் என்று வழக்குத் தொடுத்துக் கீழ் நீதிமன்றத்தில் வெற்றியும் பெற்றது. மேல்முறையீட்டில், 2000-இல், அது வெறும் வியாபாரப் பெருமை என்றும், தனியாக நிற்கும்போது அதை மெய்யென்றோ பொய்யென்றோ அளக்க முடியாது என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. ஆகவே அளக்க முடியாத சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் எதைப் பார்த்துத்தான் வாங்குவது?

பதில்: மெனு பலகையிலுள்ள எண்களைப் பார்த்து. ஒரே பெயரில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள், ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே கலோரி அளவை எழுதியாக வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2018 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. பர்கர், உருளைக்கிழங்கு வறுவல், பானம் மூன்றும் சேர்ந்த தொகுப்புக்குப் பலகையில் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக 'இத்தனை முதல் இத்தனை வரை' என்றிருக்கலாம். சிறிய எண் பெரும்பாலும் சர்க்கரையில்லாப் பானத்தோடு சேர்த்த கணக்கு. சோடா எடுத்தால் கணக்கு மேலே ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முழு ஊட்டச்சத்து விவரத்தைக் கேட்டால் கடைக்காரர் அதை எழுத்தில் தரக் கடமைப்பட்டவர்; கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: பேரன் கூடவே வரும் பொம்மைக்காகவே குழந்தை உணவை வாங்கச் சொல்லி அடம் பிடிக்கிறானே?

பதில்: எண்களைப் படிக்கும் வயது அவனுக்கு இல்லை, அதுதான் சிக்கல். சிறு குழந்தைகளை நோக்கிய தொலைக்காட்சி விளம்பரங்களைத் தடுக்க 1978-இல் வணிக ஆணையம் முயன்றபோது, 1980-இல் நாடாளுமன்றமே அதன் கையைக் கட்டிவிட்டது. கலோரி மிகுந்த குழந்தை உணவோடு இலவசப் பொம்மை தரக்கூடாது என்று சான் பிரான்சிஸ்கோ நகரம் கொண்டுவந்த விதி 2011 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததும், மெக்டொனால்ட்ஸ் பொம்மைக்கு 10 சென்ட் விலை வைத்து அதைத் தாண்டிப் போனது.