எபிடெமியாலஜியை (நோய்ப்பரவலியலை) இணையத்தில் படிக்க: கேள்வி பதில்

கேள்வி: ஹவுஸ் சர்ஜன் நான். 2×2 அட்டவணை (சாப்பிட்டவர், சாப்பிடாதவர்; நோய் வந்தவர், வராதவர் என்று நான்கு கட்டம்) என்றாலே தலை சுற்றுகிறது. எங்கே தொடங்கலாம்?

அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் அறிமுகப் பாடநூல் இணையத்தில் இலவசம். ஆனால் அதற்கும் முன்னால், அவர்களே பயிற்சிக்குத் தரும் ஆஸ்விகோ நோய்ப்பரவல் தரவை எடுங்கள். 1940 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தேவாலய விருந்து. விசாரித்த 75 பேரில் 46 பேருக்கு வயிற்றுக் கோளாறு.

ஹாம் (பன்றி இறைச்சி) சாப்பிட்ட 46 பேரில் 29 பேருக்கு நோய். அதன்மேல் பழி போடத் தோன்றும். சரி, சாப்பிடாதவர்களைப் பாருங்கள்: 29 பேரில் 17. அதாவது 63 சதவீதம், 59 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை. வெனிலா ஐஸ்கிரீமில் கதையே வேறு. சாப்பிட்ட 54 பேரில் 43, சாப்பிடாத 21 பேரில் 3. 80 சதவீதத்துக்கு எதிரே 14, சுமார் 5.6 மடங்கு. காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகு ஓப்பன்எபி என்ற கணக்கிடும் தளத்தில் அதே எண்களைக் கொடுங்கள். எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரிலேயே ஓடும்.

ஐஸ்கிரீமைத் தொடாத அந்த 3 பேருக்கு எப்படி வந்தது என்பதையும் யோசியுங்கள். எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

கேள்வி: எக்செல் போதுமா, ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழி கற்க வேண்டுமா?

ஒரு லைன் லிஸ்டுக்கு (நோயாளிக்கு ஒரு வரி என்ற பட்டியலுக்கு) எக்செல் தாராளம். வாராவாரம் ஒரே அறிக்கையைத் தயாரிக்கிறீர்கள் என்றால் ஆர் கற்றுக்கொள்ளுங்கள். ‘எபிடெமியாலஜிஸ்ட் ஆர் ஹேண்ட்புக்’ இலவசம். இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் படிக்கலாம். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள், தேவைப்படும் அத்தியாயத்தைத் திறங்கள்.

கேள்வி: சான்றிதழுக்கு மதிப்பு உண்டா?

சென்னை என்.ஐ.இ. (தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம்) நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் பாடம் மருத்துவ முதுநிலை மாணவர்களுக்குக் கட்டாயம். அவர்களுக்கு வேறு வழியில்லை. மற்றவர்கள் என்.பி.டெல். (ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் இணையவழிக் கல்வித் தளம்) பாடங்களைக் காசு கட்டாமலே கேட்கலாம், தேர்வுக்குத்தான் கட்டணம். நான் ஆள் எடுப்பதானால் பத்துச் சான்றிதழைவிட ஒழுங்காக எழுதிய ஒரே ஒரு நோய்ப்பரவல் அறிக்கையைத்தான் கேட்பேன்.

கேள்வி: வரைபடம் போட?

கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள். இலவசம். நோயாளியின் வீட்டைப் புள்ளியாகக் குறித்த படத்தை மட்டும் வெளியே பகிராதீர்கள். ஊர் அளவில் தொகுத்துப் போடுங்கள்.