கல்யாணப் பதிவு இல்லை, உயிலை முதலில் எழுதுங்கள்

கேள்வி: பாம்பனில் நாங்கள் இரண்டு பெண்கள், ஒன்பது வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். கருவாட்டு வியாபாரம். நான் இந்து, அவள் கிறிஸ்தவள். மூன்று சென்ட் மனை என் பெயரில் கிரயம் வாங்கியது. வீடு கட்ட அவள் நகையை விற்று இரண்டு லட்சம் தந்தாள். என் பெற்றோர் இல்லை. "உனக்குப் பிறகு வீடு எனக்குத்தான்" என்கிறார் அண்ணன். போன மாதம் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "நீங்க யாரு?" என்று அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். எங்கள் உறவைப் பதிவு செய்ய முடியுமா?

பதில்: திருமணமாகப் பதிய முடியாது. அதற்கு வழிசெய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2023 அக்டோபர் 17 அன்று, ஒரே பாலினத்தவரின் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்ட சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது தெம்பு தரும், ஆனால் அதைக் காட்டி வீட்டைப் பெயர் மாற்ற முடியாது. 'சேர்ந்து வாழ்கிறோம்' என்று இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதித்தர யாராவது ஆயிரங்கள் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அண்ணன் சொல்வது இன்றைய நிலையில் சரிதான். கணவர், பிள்ளை, பெற்றோர் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், சொத்து தகப்பனாரின் வாரிசுகளுக்குப் போகும். அதனால் உயில்தான் முதல் வேலை. வெள்ளைத்தாள் போதும். சர்வே எண், நான்கெல்லை எழுதி, அண்ணனுக்கு ஏன் எதுவும் வைக்கவில்லை என்று ஒரு வரியும் சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் "ஏமாற்றி எழுத வைத்தாள்" என்று வழக்குப் போடுவது எளிது. உங்கள் கையெழுத்தைப் பார்த்துத் தாங்களும் கையெழுத்திட இரண்டு சாட்சிகள் வேண்டும். பிறகு ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் உங்களைவிட வயதில் இளையவர்களாக, ஊரில் இருப்பவர்களாகப் பாருங்கள். வளைகுடாவுக்குப் போய்வருகிறவர் உதவமாட்டார். சொத்தைப் பெறப்போகும் உங்கள் துணைவி சாட்சியாகவும் இருக்கக் கூடாது, உயில் எழுதும் இடத்திலும் இருக்கக் கூடாது.

உயிலைப் பதிவது கட்டாயமில்லை, ஆனாலும் பதியுங்கள். ஊருக்குத் தெரியுமோ என்ற பயமிருந்தால் மதுரையில்கூடப் பதியலாம். நீங்கள் உயிரோடிருக்கும்வரை நகல் வேறு யாருக்கும் தரமாட்டார்கள்.

அவரும் தன் பங்குக்கு உயில் எழுதட்டும். அதில் ஒரு சிக்கல்: கிறிஸ்தவர் எழுதிய உயில் அவருக்குத் திருமணம் நடந்தால் தானாகவே ரத்தாகிவிடும். வீட்டார் வற்புறுத்தி மணம் முடித்தாலும் கதை அதுதான்.

அந்த இரண்டு லட்சத்துக்குப் புரோநோட்டு எழுதினால் மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும், புதுப்பிக்க வேண்டும். பாதி வீட்டையே அவருக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுதினால் கிடைக்கும் 1 சதவீத முத்திரைத் தீர்வை உங்களுக்குப் பொருந்தாது, முழு 7 சதவீதம் கட்ட வேண்டும். கையில் பணம் சேரும்வரை உயில் போதும்.

வங்கியில் கூட்டுக் கணக்குத் திறக்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாக்கவும் தடையில்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. கிளையில் முகம் சுளித்தால் அதைச் சொல்லுங்கள். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாமே தவிர உரிமையாளர் ஆகிவிடமாட்டார். ஆயுள் காப்பீட்டிலும் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியானால்தான் பணம் அவர்களுக்கே சொந்தம். ஆகவே வங்கிப் பணம், பாலிசி எல்லாவற்றையும் உயிலில் பெயர் சொல்லி எழுதுங்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் பலர் பவர் பத்திரத்தை நம்புகிறார்கள். நீங்கள் சுயநினைவு இழந்து முடிவெடுக்க முடியாமல் போனால் அந்தப் பவரும் செல்லாது, அதாவது தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும். சேரும்போதே உடனிருப்பவர் என்று அவர் பெயரை எழுதிக் கையெழுத்திடுங்கள். நினைவோடிருக்கும்வரை உங்கள் சொல்தான் செல்லும். கடைசிக்கட்ட சிகிச்சைக்கென்று, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னிலையில், அவர் பெயர் குறித்து முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலும் (நினைவு தவறினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று இப்போதே எழுதுவது) எழுதி வையுங்கள்.

யாராவது அவரைப் பிடித்து அடைத்துவைத்தால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போடலாம். ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தேசியச் சட்ட உதவித் தொலைபேசி எண் 15100.