ஆஸ்துமா பையன் ஓடலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். படிவம் ஒன்று படிக்கும் மகன் பள்ளி விட்டு வந்தால் இரவு வரை கைப்பேசிதான். ஆஸ்துமா இருப்பதால் விளையாட விடுவதில்லை, எடை ஏறிவிட்டது. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒருவர் சத்துப் பவுடரோடு சேர்த்து 380 ரிங்கிட் கட்டி பந்து அகாடமியில் சேர்க்கச் சொல்கிறார். சேர்க்கலாமா?

பதில்: பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள், சகோதரி.

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க உடம்பு அசைந்தால் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டாம். சைக்கிளில் கடைக்குப் போய் வரட்டும், சாயங்காலம் வெயில் தணிந்ததும் பக்கத்து வீட்டுப் பையனோடு பூப்பந்து அடிக்கட்டும். எல்லாம் கணக்கில் சேரும். கைப்பேசியைப் பிடுங்குவதைவிட, கூட ஆட ஒரு கூட்டாளியைப் பிடித்துக் கொடுப்பது நடக்கிற காரியம்.

ஆஸ்துமாவுக்காக உட்கார வைப்பதுதான் தப்பு. அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்தான், ஒருமுறை காட்டுங்கள். விளையாடும் முன் மூச்சிரைப்பை உடனே தணிக்கும் நீல இன்ஹேலரை அடிக்க வேண்டுமா, எத்தனை நிமிடம் முன்பு என்று டாக்டரிடமே கேளுங்கள். எடுத்தவுடன் ஓடாமல் 10 நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கட்டும். இன்ஹேலர் கால்சட்டைப் பையில் இருக்க வேண்டும், வீட்டு அலமாரியில் அல்ல! மூச்சு இழுத்தால் உடனே விளையாட்டை நிறுத்தி உட்கார வேண்டும். விளையாடாத நாளிலும் வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் இன்ஹேலர் தேவைப்பட்டால் நோய் அடங்கவில்லை என்று அர்த்தம். திரும்பவும் டாக்டரிடம் போங்கள். புகைமூட்டத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே ஆடட்டும்.

அப்புறம் அந்த அகாடமி. 'மாநிலக் குழுவில் இடம் வாங்கித் தருகிறோம்' என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். பயிற்சியாளருக்கு உரிமம் இருக்கிறதா, மாதாமாதம் கட்டலாமா, ரசீது உண்டா என்று கேளுங்கள். பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள். பவுடர் விற்றுக் கமிஷன் பார்க்கிறவர்கள் தனி ரகம். முட்டை, நெத்திலி, பருப்பு சாப்பிடும் பிள்ளைக்கு அந்த டப்பா எதற்கு? எடை குறைய வேண்டிய பையனுக்குச் சீனி கலந்த மாவா?

எனக்கு எரிச்சல் வேறொன்றில்தான். பரீட்சை வந்தால் உடற்கல்விப் பாடத்தைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. நல்ல திடல் இருக்கும், சாயங்காலம் பூட்டு தொங்கும். கேட்டால் மேலிடத்து அனுமதி வேண்டுமாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சும்மா வாயால் கேட்காமல், நாலு பெற்றோர் கையெழுத்தோடு கடிதமாகக் கொடுங்கள். அதற்குத்தான் பதில் வரும்.