குறைத்துக் கேட்க ஒரு நேரம் உண்டு

கேள்வி: ராமமூர்த்தி நகரில் பதினொரு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். ஹொரமாவில் 30-க்கு 40 சைட்டில், இரண்டு தளமும் சேர்த்து 1,900 சதுர அடியில், பதினைந்து வருடப் பழைய வீடு ஒன்று எங்களுக்குப் பிடித்துவிட்டது. உரிமையாளர் 1.95 கோடி கேட்கிறார். அடுத்த தெருவில் ஏறக்குறைய இதே போன்ற வீட்டைத் தீபாவளிக்குப் பிறகு 1.62 கோடிக்கு வாங்கியதாக, வாங்கியவரே சொன்னார். இந்த வீடு ஆறேழு மாதமாக விலை போகவில்லை. உரிமையாளர் சென்ற கார்த்திகையிலேயே ஃபிளாட் வாங்கிக் குடிபோய்விட்டார். கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. மாடியில் 12 லட்சத்துக்கு லீஸ் (மாத வாடகைக்குப் பதில் மொத்தமாகக் கொடுத்து, காலி செய்யும்போது திரும்பப் பெறும் பணம்), அது ஆவணியில் முடிகிறது. 1.50 கோடிக்குக் கேட்கலாம் என்பது என் எண்ணம். அடிமாட்டு விலைக்குக் கேட்டால் அந்தப் பெரியவர் அதன்பின் முகம் கொடுத்தே பேசமாட்டார் என்கிறார் என் மனைவி. ஆடிக்கு முன் முடித்துவிடுங்கள் என்று மாமியார் நெருக்குகிறார். எப்போது, எவ்வளவு குறைத்துக் கேட்பது?
– ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: 1.50 கோடி என்பது அடிமாட்டு விலைதானா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வங்கி மதிப்பீட்டாளர் தனி வீட்டை மனை வேறு, கட்டடம் வேறு என்று பிரித்துத்தான் கணக்கிடுவார். அந்தத் தெருவில் மனை சதுர அடி 10,500 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், விசாரித்துச் சரியான எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், 1,200 சதுர அடிக்கு 1.26 கோடி ஆகிறது. அதே கட்டடத்தை இன்று சதுர அடிக்கு 2,000 ரூபாய் வீதம் கட்டினால் 38 லட்சம். 60 ஆண்டு ஆயுளில் 15 ஆண்டு கழிந்துவிட்டதால் கால் பங்கைத் தள்ளினால் 28.5 லட்சம். இரண்டும் சேர்ந்து 1.54 கோடிக்குச் சற்று மேல் வருகிறது. அடுத்த தெரு வீட்டின் 1.62 கோடி இதற்குப் பக்கத்தில் இருக்கிறது, உரிமையாளரின் 1.95 கோடிதான் தனியாகத் தூரத்தில் நிற்கிறது. எனவே நீங்கள் கேட்க நினைப்பது அடிமாட்டு விலை அல்ல, கொஞ்சம் இறுக்கிப் பிடித்த விலை, அவ்வளவுதான்.

அந்தத் தூரம் உங்கள் பையை எப்படிக் கடிக்கும் என்பதையும் பாருங்கள். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கடன் வீட்டின் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒப்பந்த விலை, மதிப்பீட்டாளர் சொல்லும் விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கி மதிப்பாக எடுத்துக்கொள்ளும். மதிப்பீடு 1.55 கோடி என்று வந்தால், நீங்கள் அதைவிட எவ்வளவு கூடுதல் விலைக்கு ஒப்புக்கொண்டாலும் கடன் 1.16 கோடிதான். கர்நாடகத்தில் முத்திரைத் தீர்வை செஸ், சர்சார்ஜ் உட்பட 5.6 சதவீதம், பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதமாக உயர்ந்துவிட்டது. ஆக, 1.55 கோடிக்கு வாங்கினால் கைப்பணம் சுமார் 51 லட்சம் வேண்டும், 1.95 கோடிக்கு வாங்கினால் சுமார் 94 லட்சம் வேண்டும். உங்கள் மனைவியிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

உரிமையாளர் மெட்ரோவைக் காரணம் காட்டுவார். வெளிவட்டச் சாலை வழியாக விமான நிலையம் செல்லும் நீலத் தடத்தில் ஹொரமாவுக்கு ஒரு நிலையம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது ஊரறிந்த செய்தி; தீபாவளிக்குப் பிறகு 1.62 கோடி கொடுத்தவரும் அது தெரிந்தேதான் கொடுத்தார்.

இனி, எப்போது கேட்பது என்ற கேள்விக்கு வருகிறேன். நானே இதில் சூடு பட்டவன். பல ஆண்டுகளுக்கு முன் பானசவாடியில் ஒரு வீடு விற்பனைக்கு வந்த முதல் வாரத்திலேயே போய், சொன்ன விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக் கேட்டேன். வீட்டுக்காரம்மா கொண்டுவந்த காப்பித் தம்ளரை மேசையில் வைக்காமலேயே உள்ளே எடுத்துப் போய்விட்டார். ஐந்து மாதம் கழித்து அதே வீடு நான் கேட்டதைவிட இரண்டே லட்சம் கூடுதலாக இன்னொருவருக்குப் போயிற்று. தரகர் எனக்குச் சொல்லியனுப்பக்கூட இல்லை. என் கணக்கில் பிழை இல்லை, போன வேளையில்தான் பிழை. விற்பனைக்கு வந்த புதிதில் உரிமையாளருக்குக் காத்திருப்பதில் செலவே இல்லை. நாளை இன்னொருவர் முழு விலையோடு வருவார் என்று அவர் நம்புகிறார், நம்பவும் அவருக்கு உரிமை உண்டு. காத்திருப்பது அவருக்கே செலவாகத் தொடங்கிய பிறகுதான் குறைந்த விலை காதில் ஏறும்.

உங்கள் உரிமையாளருக்கு அந்தச் செலவு தொடங்கிவிட்டது. பூட்டிக் கிடக்கும் கீழ்வீட்டின் வாடகை மாதாமாதம் போகிறது, அது சின்ன விஷயம். ஆவணியில் மாடி வீட்டுக்காரருக்கு 12 லட்சத்தை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும்; நம் ஊரில் லீஸ் பணத்தை வங்கியில் போட்டு வைத்திருக்கும் உரிமையாளரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன், அது பெரும்பாலும் புது ஃபிளாட்டுக்குள் போயிருக்கும். மூன்றாவது ஒன்று உண்டு, தரகர் இதை உங்களிடம் சொல்லமாட்டார். புது வீட்டை வாங்கிய ஓராண்டுக்குள் பழைய வீட்டை விற்றால்தான், புது வீட்டில் போட்ட பணத்தைக் காட்டி, விற்பனை லாபத்தின் மீதான மூலதன ஆதாய வரியிலிருந்து விலக்குப் பெற முடியும். கார்த்திகையில் வாங்கியவருக்கு வரும் கார்த்திகையோடு அந்த வாய்ப்பு முடிகிறது. வரி இப்போது 12.5 சதவீதம் என்பதால், லாபம் ஒரு கோடி என்றால் 12.5 லட்சம், இன்னும் பத்து லட்சம் கூட வரட்டும் என்று அந்தக் கார்த்திகையைத் தாண்டிக் காத்திருப்பவர் உண்மையில் நஷ்டத்துக்குத்தான் காத்திருக்கிறார். இதை நீங்கள் அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, அவருடைய ஆடிட்டர் சொல்லிக்கொள்வார்.

ஆகவே ஆடிக்கு முன் முடிக்க அவசரப்படாதீர்கள். ஆடியை ஒட்டித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். கன்னடக்காரர்களும் ஆஷாடத்தில் வீடு வாங்கமாட்டார்கள். அவர்களுடைய மாதம் சந்திரக் கணக்கு, நம்முடையது சூரியக் கணக்கு என்பதால், 2025-இல் ஆஷாடம் ஜூன் 26-இலும் ஆடி ஜூலை 17-இலும் தொடங்கின. சில ஆண்டுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். எப்படியானாலும் அந்த வாரங்களில் வீடு பார்க்க ஆள் வருவது நின்றுவிடும், தரகரின் தொலைபேசியும் ஓய்ந்துவிடும். அப்போது வரும் ஒரே ஆள் நீங்களாக இருங்கள். பேசி வைத்துக்கொண்டு ஆவணியில் பத்திரம் பண்ணினால் மாமியாருக்கும் குறை இராது. ஆடியில் விலை பேசக் கூடாது என்று எந்தப் பெரியவரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அதுவரை உள்ள நாட்களை வீணாக்காமல் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். வங்கியில் கடனுக்கான முன் ஒப்புதலை வாங்கிக் கையில் வையுங்கள், 1.50 கோடி கேட்பவரிடம் பணம் தயாராக இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. இ-காத்தாவின் (மாநகராட்சியின் மின்னணுச் சொத்துப் பதிவேட்டின்) நகல், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், கட்டட வரைபட அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞரிடம் கொடுத்துப் பாருங்கள். மேலே போட்ட கணக்கு முழுவதும் ஏ காத்தா, அதாவது விதிப்படி அமைந்த சொத்து, என்று கொண்டு போட்டது, விதிமுறைக் குறைபாடுள்ள பி காத்தாவாக இருந்தால் பெரும்பாலான வங்கிகள் கடனே தரமாட்டா, பிறகு 1.50 கோடியும் அதிகம்தான். அந்தச் சொத்துக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைத்து வாங்கினால், அந்த வித்தியாசத்தை உங்கள் வருமானமாகக் கருதி வரி கேட்பார்கள்.

இன்னொன்று, ஒரு பெருமழை பெய்த மறுநாள் காலையில் அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள். ஹொரமாவின் சாய் லேஅவுட் 2025 மே மாத மழையில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காம்பவுண்டுச் சுவரின் உட்புறத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், பெயின்ட் ஒரே நேர்க்கோட்டில் உப்பிக் கொப்பளித்திருந்தால், அந்த வீட்டுக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது என்று பொருள். புதுப் பெயின்ட் அந்த உயரம் வரை மட்டும் அடித்திருந்தாலும் அதே பொருள்தான். அப்படியிருந்தால் விலை குறைத்துக் கேட்காதீர்கள், வேறு வீடு பாருங்கள்.

கேட்கும் விதத்தில்தான் உங்கள் மனைவியின் கவலைக்கு இடமிருக்கிறது. வீட்டைக் குறை சொல்லி விலையைக் குறைப்பது அவர் பயப்படும் அவமதிப்பாக முடியும். தாம் நின்று கட்டிய வீட்டின் டைல்ஸை மட்டம் தட்டுபவரை எந்த முதியவரும் மன்னிக்கமாட்டார். வீடு பிடித்திருக்கிறது என்று சொல்லுங்கள், ஒரே பக்கத்தில் எழுதிய மனைக் கணக்கையும் கட்டடக் கணக்கையும் அவர் முன் வையுங்கள், வங்கி இதற்கு மேல் தராது என்பதையும் சொல்லுங்கள். மனைவிக்குக் கன்னடம் சரளமாக வருமானால் அவரே பேசட்டும். 1.50 கோடியில் தொடங்கலாம், 1.60 கோடியைத் தாண்டாதீர்கள், அந்த 1.60-ஐத் தரகரிடம் மூச்சுவிடாதீர்கள். விலை பத்து லட்சம் குறைந்தால் ஒரு சதவீதக் கமிஷனில் அவருக்குப் பத்தாயிரம்தான் நஷ்டம், ஆகவே சீக்கிரம் முடிவதற்காக யாருடைய ரகசியத்தையும் அவர் யாரிடமும் சொல்லக்கூடியவர். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் தொழில் அப்படி.

உரிமையாளர் மறுத்தால் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள், மறுவாரமே இரண்டு லட்சம் கூட்டிக்கொண்டு ஓடாதீர்கள். ஒருவேளை, பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று அவர் இறங்கி வந்தால், ஒப்புக்கொள்ளாதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம் உண்டு, பத்திர விலை குறைந்தால் உங்கள் கடனும் குறையும்.

விலை படிந்துவிட்டால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மாடி வீட்டுக்காரரையும் ஒரு முறை பார்த்துப் பேசுங்கள். அவருக்குச் சேர வேண்டிய 12 லட்சம் விலையிலிருந்து கழித்து நேராக அவர் பெயருக்கே காசோலையாகப் போகும் என்றும், பதிவு நாளன்று அவர் சாவியை ஒப்படைப்பார் என்றும் சேல் அக்ரிமென்டில் எழுதி, அதில் அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.